பாதி டீசல், பாதி பெட்டரி

படகுப் பட்டறை, யாழ்ப்பாணத் தீவுப் பகுதி
10.03.2024

லக்ஷியின் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் போனைக் கட் பண்ணிய பிறகு, அதைக் கையில் வைத்துக்கொண்டே இறங்குதுறையில் நின்றேன். திரும்ப எடுப்பீர்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

இனி போன் லக்ஷிக்கு மட்டும். அவளோடு பேசுவேன், பாட்டுக் கேட்பேன், பல் விளக்கினாளா என்று விசாரிப்பேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் அதற்கு முன்னால் எப்படியும் வாசித்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

"அங்க அப்படி என்னதான் வெட்டி முறிக்கிற?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல விடவில்லை. கேளுங்கள். இந்தத் தீவுகளுக்கு அரசாங்கப் படகுகள் ஐந்து ஓடுகின்றன. எல்லாம் பழைய டீசல். ஒவ்வொன்றாகக் கரையேற்றி, அடித்தட்டில் பெட்டரிகளை அடுக்கி, இஞ்சினுக்கும் தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கும் நடுவில் ஒரு மின் மோட்டாரைப் பூட்டுகிறோம். இறங்குதுறைக்குப் பக்கத்தில் படகு பெட்டரியில் ஓடும். கடல் நடுவுக்குப் போனதும் டீசல் எடுத்துக்கொள்ளும், ஓடுகிற ஓட்டத்திலேயே பெட்டரியையும் நிரப்பும். வயர் வேலை முழுக்க என் பொறுப்பு. நம் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கொழுந்து வாட்டும் காற்றாடிகளுக்குப் பார்த்த அதே வேலைதான். அங்கே தேயிலை வாசம், இங்கே மீன் வாசம்.

பிறகு நீங்கள் சொன்ன இன்னொன்று. "பொம்பளப் புள்ள ஒண்ணு வேணும்னுதான் ஒன்ன எடுத்தானுங்க." அதற்குத்தான் நான் கத்தினேன். இரண்டு பேரும் ஒரே நாளில்தானே விண்ணப்பம் போட்டோம்? நீங்கள் டீசல் பக்கத்துக்கு, நான் மின்சாரத்துக்கு. நேர்முகத்துக்கு ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். வேலை எனக்கு மட்டும் கிடைத்தது. இதில் நான் செய்த குற்றம் என்னவென்று எழுதுங்கள்.

நிரோஜா

*

ஹாலிஎல
21.03.2024

நிரோஜா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நீ குற்றம் எதுவும் செய்யவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். குற்றம் செய்திருந்தால் கோபப்பட ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

போன கிழமை வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வந்த லொறி ஒன்று நம் கராஜுக்கு முன்னால் நின்றுபோனது. இஞ்சினைப் பிரித்து, பொழுது சாயும்வரை கையெல்லாம் எண்ணெயாக நின்று சரிசெய்து கொடுத்தேன். டிரைவர் போகும்போது கேட்டான்: "நீங்கதானா நம்ம நிரோஜா மிஸ்ஸோட வீட்டுக்காரர்?" பேப்பரில் பார்த்தானாம். எனக்குப் பெயர் ஒன்று இருந்ததே, கிரிஷாந்தன் என்று. அது எங்கே போனது என்று தெரியவில்லை.

தங்கச்சி கம்சலா உன் படத்தைக் காட்டினாள். உங்கள் திட்டத்துக்காரர்கள் பேஸ்புக்கில் போட்டது. மஞ்சள் தொப்பி போட்டு நிற்கிறாய். பக்கத்தில் தாடி வைத்த ஒருத்தன். இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். நீ வாயைப் பொத்தாமல் சிரிக்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து என் முன்னால் கையால் வாயை மூடாமல் நீ சிரித்ததே இல்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் கை எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஒரு கையில் ஸ்பானர். மற்றக் கை படத்துக்குள் இல்லை.

யார் அவன்?

லக்ஷி நன்றாக இருக்கிறாள். இப்போதெல்லாம் கம்சலா பக்கத்தில்தான் படுக்கிறாள்.

கிரிஷாந்தன்

*

படகுப் பட்டறை
04.04.2024

லக்ஷியின் அப்பாவுக்கு,

அவன் பெயர் ரிப்கான். மன்னார்க்காரன். பெட்டரி வேலை அவனுடையது. மனைவிக்கு நிறைமாசம், போன் அடித்தால் துள்ளி எழுகிறான். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறான்.

அந்தச் சிரிப்பின் கதை இது. முதல் படகை மோட்டாரில் முதன்முதலாக ஓட்டிப் பார்த்த நாள். முழு வாழ்க்கையும் டீசல் சத்தத்திலேயே கழித்த படகோட்டி ஒருவர் சுக்கானில் இருந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. படகு நகர்வதை அவர் கவனிக்கவில்லை. "ஐயோ, இஞ்சின் நிண்டு போச்சு! நங்கூரத்தப் போடுங்கோ!" என்று கத்தினார். யாரோ போட்டும் விட்டார்கள். ஓடுகிற படகு கயிற்றை இழுத்துக்கொண்டு அரை வட்டம் சுற்றியது. அதிகாரி உட்பட எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். என் இரண்டு கையிலும் மீட்டர் வயர். வாயைப் பொத்த எனக்குக் கை இருக்கவில்லை.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்னைவிட அதிகமாகச் சிரித்திருப்பீர்கள். அன்றைக்கே சொல்லத்தான் போன் எடுத்தேன். நீங்கள் "என்ன" என்று கேட்ட குரலிலேயே கதை தொண்டைக்குள் போய்விட்டது.

கடைசி வரியை வேண்டுமென்றேதான் எழுதினீர்கள். வலிக்க வேண்டும் என்று எழுதினீர்கள், வலித்தது. முந்தாநாள் லக்ஷி போனில், "அத்தை செய்யிற ரொட்டி மாதிரி ஒனக்குச் செய்யத் தெரியாதுதானேம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். பிறகு வேலைக்குப் போய் நல்ல கேபிள் ஒன்றைத் தப்பான இடத்தில் வெட்டினேன். கம்சலா உங்கள் தங்கச்சி, என் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கிறாள், நன்றி சொல்ல வேண்டியவள் நான். எல்லாம் தெரியும். ஆனாலும் லக்ஷிக்குத் தலை பின்னிவிடுவதையாவது நீங்கள் செய்யுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மோட்டாரிலிருந்து டீசலுக்கு மாறும் நேரத்தில் படகே உதறுகிறது. பலகையெல்லாம் அதிர்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

சித்திரை வருசத்துக்கு வருகிறேன். லக்ஷியிடம் சொல்லிவிட்டேன்.

நிரோஜா

*

ஹாலிஎல
18.04.2024

நிரோஜா,

லக்ஷியிடம் சொன்னாய். அவள் நம்பினாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு பதுளை பஸ் ஸ்டாண்டில் என்னோடு நின்றாள். யாழ்ப்பாண பஸ் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள், கண்டக்டரும் இறங்கினான். அப்புறம்தான் உன் மெசேஜ் வந்தது. லீவு இல்லை என்று. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கம்சலாவிடம் போனாள்.

"அக்கா" என்று கூப்பிடுகிறானாம். எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். ஸ்டோரில் லொறி திருத்த வந்த நான், மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த உன்னை முதலில் "மிஸ்" என்றுதான் கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கிறதா?

படகு உதறுவதற்குக் காரணம் இஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர். பழசாகி இறுகிப் போயிருக்கும். மாற்றினால் சரி. லொறியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இதில் சந்தேகமே இல்லை. அந்த ரிப்கானிடம் சொல், நிரோஜா வீட்டுக்காரர் சொன்னார் என்று.

கிரிஷாந்தன்

*

படகுப் பட்டறை
12.05.2024

லக்ஷியின் அப்பாவுக்கு,

வருசத்துக்கு ஊருக்குப் போகும் சனம் இறங்குதுறையில் குவிந்துவிட்டது. பழைய படகு ஒன்று பழுது. திருத்திய படகை உடனே ஓட்ட வேண்டி வந்தது, அதற்குப் பொறுப்பாக நான் நிற்க வேண்டி வந்தது. பையைக் கட்டிவிட்டுத்தான் அவிழ்த்தேன். லக்ஷி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை ஒரு தடவைக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

ரப்பரை மாற்றினோம். படகு அப்படியேதான் உதறியது.

காரணம் வேறு. இஞ்சினையும் மோட்டாரையும் கரையில் வைத்துத்தான் நேர் பார்த்துப் பூட்டியிருந்தோம். தண்ணீரில் இறங்கியதும் பெட்டரிப் பாரத்தில் படகின் அடி கொஞ்சம் வளைகிறது. அந்தக் கொஞ்சத்தில் நேர் தப்பிவிடுகிறது. ரிப்கானும் நானும் படகு மிதக்கும்போதே அடித்தட்டில் படுத்து அளந்து கண்டுபிடித்தோம். திரும்பப் பூட்டினோம். இப்போது நன்றாக ஓடுகிறது.

நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

லக்ஷிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை நான் கம்சலாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தேன். எனக்கு முன்னால் ஊரே பார்த்திருக்கிறது. பல் ஆடுகிறது என்றுகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் என் வேலையைப் பார்த்து எரிகிறீர்கள். காலையில் லக்ஷியைத் தட்டி எழுப்புகிறீர்களே, அவள் முனகிக்கொண்டு திரும்பிப் படுப்பாளே, அதை நினைத்து நான் எரிகிறேன். உங்களுக்கு அது வேலை. இங்கே அதற்காக நான் எதையும் கொடுப்பேன்.

நிரோஜா

*

ஹாலிஎல
02.06.2024

நிரோஜா,

நான் சொன்னது தப்பு என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். எப்படித் தப்பு, எங்கே தப்பு, யார் கண்டுபிடித்தார்கள் என்று விளக்கம் வேறு. இரண்டு பேரும் அடித்தட்டில் படுத்து அளந்தீர்களாம். நல்லது.

பல்லைக் கூரையில் எறிந்தோம். நான்தான் தூக்கிப் பிடித்தேன், அவள் எறிந்தாள்.

டிசம்பரோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேர். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

கிரிஷாந்தன்

*

படகுப் பட்டறை
23.06.2024

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் ரிப்கான் கேட்டான்: "அக்கா, டிசம்பரோட போறீங்களாமே? உங்கட வீட்டுக்காரர் ஒஃபிஸுக்குச் சொல்லிப் போட்டாராம்."

நான் சோற்றை மூடிவைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் அதிகாரி அம்மா சொன்னார். இரண்டாவது படகில் நான் வேலையாக இருந்தபோது என் போன் கிடைக்கவில்லையாம், விண்ணப்பத்தில் இருந்த உங்கள் நம்பருக்கு எடுத்தாராம். ஐந்து படகையும் பராமரிக்கும் பொறுப்பை எனக்குத் தர நினைக்கிறோம், இன்னும் இரண்டு வருசம் இருப்பாரா என்று கேட்டாராம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். "அவ இருக்க மாட்டாங்க. புள்ளைக்குச் சுகமில்ல. டிசம்பர்ல வந்துருவாங்க."

பிள்ளைக்குச் சுகமில்லை என்று கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு மறைக்கிறீர்கள் என்றே நினைத்தேன். வெளியே ஓடி வந்து போன் எடுத்தேன். லக்ஷி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். "என்னம்மா, ஏன் அழுவுற?" என்றாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

போன கடிதத்தை எழுதும்போது இதைச் செய்து முடித்துவிட்டுத்தானே எழுதினீர்கள்? வேறு எதுவும் கேட்கவில்லை என்று?

திரும்ப உள்ளே போய் நான் என் பதிலைச் சொன்னேன். இருக்கிறேன் என்று. உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்பீர்கள், நானும் பணிந்து போயிருப்பேன். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை.

நிரோஜா

*

ஹாலிஎல
07.07.2024

நிரோஜா,

நான் செய்ததைக் கம்சலாவிடம் சொன்னேன். அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். லக்ஷிக்குச் சுகமில்லை என்று எந்த வாயால் சொன்னாய் என்று மட்டும் கேட்டாள்.

அந்த அழைப்பு வந்தபோது நான் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். கழுத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொண்டே போனார். உங்கள் மனைவி இல்லாவிட்டால் முதல் படகு இன்னும் கரையில்தான் கிடந்திருக்கும் என்றார். நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்றார். நான் பஸ்ஸின் அடியைப் பார்த்துக்கொண்டு ம் ம் என்று கேட்டேன். அப்படியே மெதுவாக நெஞ்சு நிறைந்து வந்தது, பெருமையால் இல்லை. அவர் கேள்வி கேட்டு முடிக்குமுன் வாய் பதில் சொல்லிவிட்டது.

பிள்ளையை அதற்குள் இழுத்தது தப்பு. மன்னித்துவிடு. மற்றதற்கு மன்னிப்புக் கேட்க இன்னும் எனக்கு மனசு வரவில்லை. நீ இருக்கப் போகிறாய் என்று வாசித்தபோது, நீ வராமல் போகிறாய் என்பது முதலில் உறைக்கவில்லை. ஐந்து படகும் உன் கையில் என்பதுதான் முதலில் உறைத்தது. நான் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள்.

ஆகஸ்ட் லீவுக்கு லக்ஷியைக் கூட்டி வருகிறேன். அவளுக்காக வருகிறேன்.

கிரிஷாந்தன்

*

ஹாலிஎல
01.09.2024

நிரோஜா,

வந்து சேர்ந்தோம். அங்கே இருந்த நாட்களில் நாம் இரண்டு பேரும் சோறு, துணி, லக்ஷி தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் விட்டதை எழுதுகிறேன்.

முதல் நாள் உன் படகில் ஏறியபோது, சனத்தோடு சனமாகப் பின்னால் உட்கார்ந்தேன். படகு சத்தமில்லாமல் கிளம்பியது. பக்கத்தில் மூட்டையோடு இருந்த ஒரு அம்மா மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், அது எனக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. சோளகம் என்று அங்கே சொல்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிய இடத்தில் நீ எழுந்து, "இப்ப மாத்துங்க" என்றாய். சுக்கானில் இருந்த பெரிய மனுசன் உடனே செய்தார். நான் காத்திருந்தேன். படகு உதற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு சின்ன அதிர்வாவது. என் பிள்ளை அந்தப் படகில் இருக்கும்போதே ஆசைப்பட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. டீசல் கிளம்பிய சத்தம் மட்டும் வந்தது. எனக்குத் தெரிந்த சத்தம். நல்ல சத்தம், நன்றாக வைத்திருக்கிறாய்.

ரிப்கானைப் பார்த்தேன். ஒல்லிப் பையன். சாப்பாடு முடியும்வரை பிறந்த பிள்ளையின் படத்தையே காட்டிக்கொண்டிருந்தான், குழம்பு ஊற்றக்கூட மறந்துவிட்டான். அவன்மேல் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையில் ஏமாற்றமாக இருந்தது. அவன்மேல் சந்தேகம் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது, புருசனுக்கு வரக்கூடியதுதான். எனக்கு இருந்த எரிச்சல் உன் கைமேல், அந்த மஞ்சள் தொப்பிமேல். அதை எங்கே போய்ச் சொல்வது?

இன்னொன்று. முதல் இரண்டு நாள் லக்ஷி உன்னிடம் வராமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே. நீ தோசை சுட்டுக் கூப்பிட்டாய், அவள் வரவில்லை. அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவள் உன் மடியில் ஏறி உட்கார்ந்தபோது நான் கடை பார்க்கப் போகிறேன் என்று வெளியே போனேன். அங்கே கடை எதுவும் இல்லை.

திரும்பி வரும்போது வவுனியா வரை அழுதாள். சத்தம் போடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பிறகு கேட்டாள்: "அப்பா, நான் ஏன் அம்மாகிட்ட இருக்கக்கூடாது?" ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். மலை ஏறத் தொடங்கி, குளிர் வந்து, அவளைச் சால்வையால் போர்த்தி மடியில் போட்டுக்கொண்டேன். பதுளை வரும்வரை ஒரு காரணம் தேடினேன். இருந்த காரணம் ஒன்றுதான், என்னிடம் இருப்பது அவள் மட்டும் என்பது. அதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

புது வருசப் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் உன்னிடம் வரட்டும். அங்கே இடம் கேட்டுவை. கம்சலாவுக்குச் சொல்லிவிட்டேன். அவள் அழுகிறாள், லக்ஷியின் சட்டைகளை இப்போதே துவைத்து மடிக்கிறாள்.

நான் வரவில்லை. கொண்டுவந்து விட்டுவிட்டு மறுநாள் திரும்பிவிடுவேன். டீசல் பக்கத்துக்குக்கூட அவர்கள் என்னை எடுக்கவில்லை. அந்த இறங்குதுறையில் உன் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்க எனக்கு இன்னும் முடியாது. நல்ல மனுசனாக எழுதத்தான் ஆசை. ஆனால் நான் இப்படித்தான் இருக்கிறேன்.

கிரிஷாந்தன்

*

படகுப் பட்டறை
15.09.2024

லக்ஷியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்றாவது படகின் அடித்தட்டில் உட்கார்ந்து வாசித்தேன். மேலே தகரம் அடிக்கிறார்கள், நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

லக்ஷியை அனுப்புங்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் தொடங்குவேன். வேலையையும் எடுத்துக்கொண்டு பிள்ளையையும் கேட்டால் உங்களிடம் என்ன மிஞ்சும் என்று தெரியும். தெரிந்தும் கேட்க ஆசை. நான் கேட்காததை நீங்களாகக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். காரணம் தேடியிருப்பேன், கண்டுபிடித்தும் இருப்பேன். இதிலும் நீங்கள் என்னை முந்திவிட்டீர்கள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கிறது. சிரிக்காதீர்கள். உண்மை.

ஒஃபிஸுக்கு நீங்கள் சொன்ன பொய்யை நான் இன்னும் மறக்கவில்லை. மறந்ததாக எழுத மாட்டேன். ஆனால் படகு உதற வேண்டும் என்று ஆசைப்பட்டதை எழுதினீர்களே, அதை வாசித்தபோது உங்களோடு திரும்பப் பேச வேண்டும் போல் இருந்தது. யார் அதை எழுதுவார்கள்?

இங்கே பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன். அதிபர், "மலைநாட்டுப் பிள்ளையோ? கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். கம்சலாவையும் ஒவ்வொரு லீவுக்கும் வரச் சொல்லுங்கள். அவளைப் பார்த்து நான் முகம் கறுத்தால் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.

நாலாவது படகு அடுத்த கிழமை கரையேறுகிறது. அதன் டீசல் இஞ்சினை யாரும் இன்னும் திறந்து பார்க்கவில்லை. வேலை கொடுப்பார்கள் என்று சொல்லவில்லை, என்னால் வாங்கித் தரவும் முடியாது, வாங்கித் தந்தால் நீங்கள் எடுக்கவும் மாட்டீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். லக்ஷியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மறுநாளே போய்விடாதீர்கள். ஒரு கிழமையாவது இருங்கள். என் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்க வேண்டாம், இறங்குதுறைக்கு வர வேண்டாம், ஒரு வார்த்தை பாராட்டவும் வேண்டாம். உங்களுக்கு என்மேல் பொறாமை போகாது, எனக்கும் உங்கள்மேல் போகாது. படுவதுதான் படுகிறீர்கள், பக்கத்தில் இருந்து படுங்கள்.

நிரோஜா